முன்சக்கரத்தைப் பாருங்கள்

லண்டனிலோ டொராண்டோவிலோ அம்மம்மா காலமான பிறகு அவரது சக்கர நாற்காலி வீட்டு மூலையில் மடித்துக் கிடக்கும். அதைத் தூசி தட்டி இலங்கையின் வன்னிக்கு அனுப்ப நினைப்பது நல்ல மனசு. கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் முதலில் அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு விரல் அகலம். மருத்துவமனையின் வழவழப்பான தரைக்கென்று செய்தது. அங்கே முல்லைத்தீவுக் கடலோர மணலில் நாலு முழம் உருள்வதற்குள் புதைந்து நின்றுவிடும். தள்ளிவிட ஆள் இல்லையென்றால் கிணற்றடிக்குக்கூடப் போக முடியாது. அதைவிட முக்கியம், மெத்தை. 2009 மே வரை நீடித்த போரில் முள்ளந்தண்டு காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பொருந்தாத இருக்கையில் தோல் நசிந்து புண்ணாவது அவர்களுக்கு வலிக்காது. அந்தப் புண் சீழ் பிடித்தால் உயிரையே வாங்கிவிடும். ஆளை அளந்து, அவர் வாழும் இடத்தைப் பார்த்துத்தான் நாற்காலி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. ஆகவே அனுப்பும் கொள்கலனை நிரப்புமுன் அங்குள்ள சிகிச்சையாளர்களிடம் நாற்காலி பெறப்போகிறவரின் இடுப்பகலமும் கால் நீளமும் கேட்டு வாங்குங்கள். அகலமான முன்சக்கரம், டியூப், பேரிங், நல்ல மெத்தை எல்லாம் சேர்த்துப் போடுங்கள். ஊன்றுகோல் என்றால் அடி ரப்பர் நாலு ஜோடி கூடுதலாக. கிரவல் பாதையில் அதுதான் முதலில் தேய்கிறது.