‘வெயிட் தூக்காதீங்க’

தோள்பட்டை வலிக்கு பிசியோதெரபி அறையில் ஒரு தாள் கொடுப்பார்கள். ராயபுரத்தில் கொடுத்தாலும் அண்ணாநகரில் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே தாள்தான். மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையை பெண்டுலம் மாதிரி தொங்கவிட்டு ஆட்டும் ஒரு மனிதன். சுவரில் விரல்களால் நண்டு மாதிரி மேலே ஏறும் அதே மனிதன். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுக்கும் அதே மனிதன். அவனுக்கு முகம் கிடையாது. வேலையும் கிடையாது போலிருக்கிறது. ஏனென்றால் தாளின் அடியில் தடித்த எழுத்தில் இப்படி இருக்கிறது: ‘ஆறு வாரங்களுக்கு வெயிட் தூக்கக் கூடாது.’

இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

போன வருஷம் எண்ணூர் விரைவுச் சாலையில், வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக வண்டியோடு சரிந்தேன். கையை ஊன்றி விழுந்ததில் தோளில் ஒரு தசைநார் பாதி கிழிந்துபோனது. அறுவை சிகிச்சை வேண்டாம், பயிற்சியிலேயே சரியாகும் என்றார் டாக்டர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பிசியோதெரபி மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு அண்ணன். காசிமேட்டில் மீன் பெட்டி, ஐஸ் பெட்டி தூக்குகிறவர். வயது ஐம்பதைத் தொடும். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகிறது என்றார். சட்டையை அவர் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது: நல்ல கையால் முதலில் ஒரு பக்கத்தை உருவி, பிறகு குனிந்து தலையை வெளியே எடுத்து, கடைசியாக வலிக்கிற கையிலிருந்து துணியைக் கீழே வழியவிட்டார். பல மாதப் பழக்கம் அது.

எனக்குக் கொடுத்த அதே தாளைத்தான் அவருக்கும் கொடுத்தார்கள். “அண்ணா, ஆறு வாரம் வெயிட் தூக்காதீங்க” என்றது பிசியோ பொண்ணு. அவர் சிரித்தார். “ஏம்மா, அப்ப நான் வேற இன்னாத்தத் தூக்குறது?”

ஐந்து நாள் வந்தார். ஆறாவது நாள் வரவில்லை. நான் நான்கு மாதம் போனேன். நான் தூக்குவது மடிக்கணினி. அதையும் மேஜையிலேயே வைத்துக்கொள்ளலாம். இப்போது பரண் மேலிருக்கும் டப்பாவை எடுக்கிறேன், சட்டையை எல்லோரையும் போல மாட்டுகிறேன். என் மன உறுதியைப் பாராட்டினார்கள். மன உறுதியாவது ஒன்றாவது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, அவ்வளவுதான்.

வராமல் போகிறவர்களுக்கு மருத்துவ உலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: நான்-கம்ப்ளையன்ஸ். தமிழில் ஒத்துழையாமை. காந்தி செய்தால் இயக்கம், லோடு தூக்குகிற அண்ணன் செய்தால் நோயாளியின் குறை. அவர் சோம்பேறி, விழிப்புணர்வு இல்லாதவர், வலி குறைந்ததும் விட்டுவிட்டார் என்றெல்லாம் ஆயிரம் காரணம் சொல்வார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒருவருக்கு ஆறு வாரத்தின் விலை என்ன என்று மட்டும் யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

தோள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கோபம் புரியும். உடம்பிலேயே அதிகமாகச் சுழலும் மூட்டு அது. அதற்கு விலையாக, பிடிமானம் குறைந்த மூட்டும் அதுதான். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோளில் இருப்பதோ சாசர் மேல் வைத்த பந்து. நாலு தசைகளின் நார்கள் சுற்றி நின்று அந்தப் பந்தை நழுவாமல் பிடித்துக்கொள்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது இதைத்தான். அதில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நார், எலும்புகளுக்கு நடுவில் ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது. கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போதெல்லாம், அதுவும் பாரத்தோடு தூக்கும்போது, அந்த நார்தான் அதிகம் வதைபடுகிறது. ஒரு நாளில் அது அறுந்துவிடாது. நைந்த தாம்புக்கயிறு மாதிரி இழை இழையாகப் போகும். போன இழை திரும்பப் பலம் பெற வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் பாரத்தைக் குறைத்து, பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஆக, இந்தச் சிகிச்சையில் உண்மையான மருந்து கால அவகாசம்தான். அது எந்த பார்மசியிலும் கிடைப்பதில்லை.

ஆனால் எங்கள் பக்கம் விற்பனையாவது கரண்ட். ‘கரண்ட் வெச்சா சரியாப் பூடும்’ என்பதுதான் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பிசியோதெரபிக்குப் பெயர். பத்து சிட்டிங், பதினைந்து சிட்டிங் என்று பேக்கேஜ். மிஷினில் படுத்திருக்கும் அந்த இருபது நிமிடம் வலி மட்டுப்படுவது உண்மை. நானும் கண்ணை மூடி அனுபவித்தேன். நைந்த நாரை அது கோத்துத் தராது. அறுவை சிகிச்சையின் கதையும் ரொம்ப வித்தியாசமில்லை. 2018-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், அந்தச் சந்தை அகலமாக்க எலும்பைச் சீவும் அறுவை சிகிச்சையை, உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் மூடியதோடு ஒப்பிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. (முழுசாக அறுந்துபோன நாருக்கு இது பொருந்தாது, அது வேறு கதை.) 2021-ல் அதே இதழில் 708 பேரை வைத்து இன்னொரு ஆய்வு: பிசியோதெரபிஸ்டிடம் ஆறு முறை வரை போனவர்களும், ஒரே ஒரு முறை நன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே செய்தவர்களும் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துசேர்ந்தார்கள்.

‘பார்த்தீர்களா, ஒரு தாள் போதும், ஏழைக்கு அதுவே நிறைவு’ என்று உடனே சிலர் கிளம்புவார்கள். அந்த ஆய்வு நடந்த நாட்டில் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் என்று ஒன்று, சொற்பமாகவாவது, இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். தாள் வேலை செய்ய வேண்டுமானால் தாளுக்குக் கீழே ஏதாவது தரை இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் பிசியோவை விட்டுவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போவார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டுப் போட்டவனை மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டான். நாலு பேர் பார்க்க, தான் அடிபட்டவன் என்பதற்கு அது ஒரு சாட்சி. சுவரில் விரலால் நண்டு ஏறுகிறவனைப் பார்த்தால் ‘நல்லாத்தான இருக்கான்’ என்பார்கள். அசையாமல் கட்டிவைத்தால் தோள் மேலும் இறுகிப்போகும் ஆபத்து உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓய்வுக்கு அனுமதிச் சீட்டு மாதிரி அந்தக் கட்டு வேலை செய்கிறதே, அதற்குச் சமமான ஒரு சீட்டை நவீன மருத்துவம் கொடுத்திருக்கிறதா?

ஒரு இடத்தில் கொடுத்தது. இங்கேயேதான், ஸ்டான்லி மருத்துவமனையில். 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு பிரிவைக் கட்டி எழுப்பினார். பிற்பாடு அது கை சீரமைப்புக்கான தனி நிறுவனமாகவே வளர்ந்து நாடறியப் பெயர் வாங்கியது. சுற்றிலும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருக்கிற ஒரு மருத்துவமனைக்கு மிஷினில் நசுங்கிய விரலும் அறுபட்ட கையும் வந்துகொண்டேதானே இருக்கும்? துணியில் சுற்றி ரத்தம் சொட்டச் சொட்ட வந்த கைகளை யாராலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கை அறுந்தால் சத்தம் கேட்கிறது. தோள் சத்தமில்லாமல் நைகிறது. அது ஆம்புலன்ஸில் வராது, நடந்தே வந்து, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிக்கொண்டு, மறுபடி வேலைக்குப் போய்விடும்.

சட்டமும் சத்தம் வந்தால்தான் திரும்பிப் பார்க்கிறது. இ.எஸ்.ஐ. இருக்கிற தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டாதவர். வேலையில் ஏற்பட்ட காயம் என்று ஒப்புக்கொண்டால், குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வெறும் நோய் என்று முடிவானால் 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். பட்டியலில் இருக்கும் சில நீண்டகால நோய்களுக்கு மட்டும் அதற்கு மேல் நீட்டிப்பு. சரி, தோள் நைந்தது காயமா, நோயா? விபத்து என்றால் எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். பதினைந்து வருஷமாகத் தலைக்கு மேல் தூக்கியதற்கு எந்தத் தேதியை எழுதுவது?

தொழில்சார் நோய் என்று சொல்லலாமே என்பீர்கள். அதற்கும் ஒரு அட்டவணை உண்டு. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது, 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. ஈய நஞ்சு இருக்கிறது, சிலிக்கோசிஸ் இருக்கிறது, இரைச்சலால் காது போவதும் இருக்கிறது. தோளின் தசைநார் இல்லை. உலகத்திலேயே இல்லாத ஒன்றையா கேட்கிறோம்? பிரான்சின் 57-ஆம் அட்டவணையில் ரொட்டேட்டர் கஃப் பெயரோடு இருக்கிறது. ஜெர்மனி 2025 ஏப்ரலில் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. வருஷக்கணக்கில் தோளுக்கு மேல் கை தூக்கிச் செய்த வேலையின் மணிநேரத்தைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தேதியைக் கேட்பதற்குப் பதிலாக மணிநேரத்தை எண்ணுவது. இவ்வளவுதான் விஷயம்.

காசிமேட்டு அண்ணனுக்கு இந்த விவாதமே ஆடம்பரம். அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. 1982-ன் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நல வாரியம் பிள்ளை படிப்புக்கு உதவும், கல்யாணத்துக்கு உதவும், விபத்தில் செத்தால் உதவும். தோளை ஆற வைக்கும் ஆறு வாரத்துக்குக் கூலி தராது. முதல்வர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கண் திறக்கும். வெட்டுவதற்குப் பணம் இருக்கிறது, வெட்டாமல் உட்கார்ந்து ஆறுவதற்கு இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்டை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. வேலை செய்யும் இடத்துக்கே போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அதே வரிசையில் நிற்பவரிடம் ‘ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க, அப்படியே முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோங்க’ என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? சுகர் இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவ மாணவருக்கும் தெரியும். ஊசியால் விரலைக் குத்துகிறவர்கள் அந்தக் கை மேலே போகிறதா என்று பார்ப்பதில்லை. பார்த்தால் எழுத வேண்டும், எழுதினால் எண்ண வேண்டும். எண்ணிக்கை வந்துவிட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும். அதனால்தானோ என்று சந்தேகப்படுகிறேன்.

பெண்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். அடி பம்பில் தண்ணி அடித்து, குடத்தை இடுப்புக்கும் மாடிப்படிக்கும் தூக்கி, மீன் கூடையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றி இறக்கிய தோள்கள் அவை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் தோள் இறுகிப்போவது பெண்களுக்கே அதிகம். பின்னால் ஹூக் மாட்ட முடியவில்லை, தலை சீவ முடியவில்லை என்பதை எந்த ஆம்பளை டாக்டரிடம் போய்ச் சொல்வது என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எதிர்த்து வழக்குப் போட ஒரு முதலாளிகூட இல்லை.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. நம் என்றால் இதை எழுதுகிற, படிக்கிற நாம். ராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மெரினாவில் உழைப்பாளர் சிலை நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தது. பாறையை நெம்பும் நாலு பேரின் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் முறுக்கேறித் தெரியும். என் தோள் போன பிறகு அங்கே போய் நின்றபோது முதன்முறையாக எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை. இவர்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா என்றுதான் தோன்றியது. வடசென்னை என்றாலே திரையில் எண்ணெய் தடவிய புஜங்களும் குத்துச்சண்டை வளையமும்தான். கவிதையில் உழைக்கும் கரங்கள். மேடையில் தோள் கொடுப்போம், தோள் கொடுப்போம். தூக்குகிற தோளைப் பாட நமக்கு அலுப்பதே இல்லை. தூக்க முடியாமல்போன தோள் நம் இலக்கியத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது? அதற்கு அழகியல் இல்லை என்று நாமே முடிவுகட்டிவிட்டோம் போல.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. அட்டவணையில் ஒரு வரி. மருத்துவ முகாமில் அரை நிமிடம். டாக்டரோ பிசியோவோ ‘வெயிட் தூக்காதீங்க’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், நல வாரியத்தில் அந்தத் தாளைக் காட்டி அந்த வாரங்களுக்கு ஏதாவது கூலி வாங்க முடிய வேண்டும். ஏமாற்றுவார்கள் என்று சொல்ல வராதீர்கள். முதுகு வலி என்று லீவு போட்டுவிட்டுக் கொடைக்கானல் போன ஆபீசர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்காக மெடிக்கல் லீவையே யாரும் ஒழித்துவிடவில்லை.

சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து அந்த அண்ணனை மீன்பிடித் துறைமுகத்தில் பார்த்தேன். விடியற்காலை, ஏலம் நடந்துகொண்டிருந்தது. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து, என் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். “சூப்பரா இருக்கே சார்” என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. உங்களுக்கு எப்படிண்ணா என்று கேட்டேன்.

“எனக்கு இன்னா, லெஃப்ட் தோளுக்கு மாத்திக்கினேன்” என்றார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.