நரம்பிசையில் வழுவமைதி

யாழ் நரம்பின் ஓசைக்குச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு குற்றங்களை நம் பண்டை இசைநூலார் வகுத்துரைத்தனர். பண்ணோடு பொருந்தாமையும், அளவிறந்து ஒலித்தலும், மழுங்குதலும், சிதறுதலும் முறையே அவையாம். இக்குற்றங்களையே விரும்பி எழுப்பும் மேனாட்டுப் புதுமுறை இசையைக் கேட்போர், "இதுவும் இசையோ?" என வினவுதல் இயல்பே. விடையிறுக்குமுன் அதன் வரலாற்றை நோக்குதல் நம் கடன்.

இம்முயற்சி நேற்று முளைத்ததன்று. சால்ஸ்பேர்க் நகரிற் பணியாற்றிய பீபர், 1673இல் இயற்றிய 'பட்டாலியா' என்னும் போர்க்கள இசையில், பெரிய நரம்புக் கருவியின் தந்திகளிற் காகிதத்தைச் செருகி முரசொலி பிறப்பித்தார். தந்தியை வலிந்திழுத்து அறையவிட்டுப் பீரங்கி முழக்கத்தை உணர்த்தினார். அமெரிக்கரான ஹென்றி கவல், 1925இல், பியானோவின் கட்டைகளைத் தீண்டாது உள்ளிருக்கும் தந்திகளையே கையால் தேய்த்து ஓலம் எழுப்பினார். அப்பாடத்தின் பெயர் 'பான்ஷி'. சாவை முன்னறிவித்து அலறுவதாக அயர்லாந்து மக்கள் கருதும் அணங்கு அது. 1940இல் சியாற்றில் நகரில் ஒரு நடனத்துக்கு இசையமைத்த ஜோன் கேஜ், தாளக் கருவிக் குழுவுக்கு மேடையில் இடமின்மையால், பியானோத் தந்திகளிடையே திருகாணி முதலியவற்றைச் செருகி, அவ்வொரு கருவியையே ஒரு குழுவாக்கினார். பின்னர், 1946 முதல் 1948 வரை இயற்றிய தொகுதியொன்றில், 45 சுரங்களின் தந்திகளில் எப்பொருளை எவ்வளவு தூரத்திற் பொருத்துவது என அட்டவணையே வகுத்தார். மனம்போன போக்கன்று அது, கடுமையான ஒழுங்கு.

போலந்து நாட்டுப் பெண்டெரெட்ஸ்கியின் செய்தி வேறு. 1960இல் 52 நரம்புக் கருவிகளுக்கு அவர் அமைத்த இசையில், குதிரைக்கு அப்பாலுள்ள தந்தியிலும் வில் இழைகிறது. கருவியின் உடலும் தட்டப்படுகிறது. முதலில் அதற்குக் கால அளவே பெயராயிருந்தது. இசைக்கக் கேட்டபின்னரே ஹிரோஷிமாவில் மாண்டோர்க்குரிய இரங்கலாக அதனை அவர் பெயரிட்டார். ஓசை முந்திற்று, பொருள் பிந்திற்று. எனினும் பொருள் வந்து கூடியமையாலன்றோ அது கேட்போர் நெஞ்சில் நிலைத்தது?

நம் இலக்கணத்தில் வழுவமைதி என்பதொன்று உண்டு. காரணம்பற்றி வரும் வழு அமைத்துக்கொள்ளப்படும். காரணமின்றி வருவது வழுவேயாம். செவிக்குப் பழகாதது என்பதனாலேயே ஒன்றைத் தள்ளும் ஆசிரியரும், புதியது என்பதனாலேயே அதனைப் போற்றும் மாணவரும் இவ்விதியை மறந்தவராவர். யாப்பை உடைக்க முனையும் நம் இளங்கவிஞர்க்கும் இஃது ஒக்கும். எதனை உடைத்தாய் என்று வினவற்க. எதன்பொருட்டு உடைத்தாய் என்றே வினவுக.