கம்பெனி பதிந்தால் மட்டும் பாஸ் கிடைக்காது

“சிங்கப்பூரில் ஒரு கம்பெனி பதிந்துவிட்டால் போதும், அங்கேயே தங்கித் தொழில் செய்யலாம்” என்று முகவர்கள் சிலர் சொல்வதுண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் உண்மை நிலவரம் தெரிந்திருப்பது நல்லது.

புகைப்படக்காரர், தையல்காரர் போலத் தனியாளாகத் தொழில் செய்யும் வெளிநாட்டவருக்கென்று சிங்கப்பூரில் தனி விசா கிடையாது. மனிதவள அமைச்சு வழங்கும் ‘ஆன்ட்ரபாஸ்’, முதலீட்டாளர் ஆதரவோ புத்தாக்கத் தொழில்நுட்பமோ உள்ள நிறுவனங்களைத் தொடங்குவோருக்கானது. முதல் அனுமதி ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்க, இங்கு செலவு செய்ததையும் உள்ளூர்வாசிகளுக்கு வேலை கொடுத்ததையும் காட்ட வேண்டிவரும். காப்பிக்கடை, மசாஜ் நிலையம், வேலைவாய்ப்பு முகவை ஆகியவற்றுக்கு இது கிடையாது. தேக்காவில் காப்பிக்கடை போடும் கனவுக்கு இது வழியல்ல.

2023 ஜனவரியில் வந்த ‘ஒன் பாஸ்’ 5 ஆண்டு செல்லும். சொந்தத் தொழிலும் தொடங்கலாம். ஆனால், பொதுவாக மாதச் சம்பளம் 30,000 வெள்ளியாவது இருக்க வேண்டும்.

அண்டை நாடான மலேசியா, இணையம்வழி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 2022ல் ‘டிஈ ரந்தாவ்’ அனுமதியைத் தொடங்கியது. சிங்கப்பூர் அந்த வழியில் போகவில்லை. உள்ளூரில் வேலைகளை உருவாக்கும் நிறுவனங்களையே அது எதிர்பார்க்கிறது.

ஆக, நிறுவனப் பதிவு வேறு, வேலை செய்யும் உரிமை வேறு. உரிய அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஊரிலிருந்து உறவினரை அழைக்க நினைப்போர், முகவரிடம் போகுமுன் அமைச்சின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.