பூமிக்குள் குழாய், வீட்டுக்குள் குளிர்ச்சியா?

ஏசி வேண்டாம், தோட்டத்தில் பத்தடி ஆழத்தில் குழாய் புதைத்து அதன் வழியே காற்றை உள்ளே இழுத்தால் போதும் என்கிறார்கள். வீடு கட்டும் பிள்ளைகள் நம்மிடமும் யோசனை கேட்கிறார்கள். கேட்டால், கொஞ்சம் நிதானம் என்றுதான் சொல்வேன்.

அடிப்படை சரிதான். கிணற்று நீர் சித்திரையில் ஜில்லென்றும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் இருப்பது நமக்குத் தெரியாததா? அவ்வளவு ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டு சராசரியை ஒட்டியே நிற்கும். ஜெர்மனியில் அது 10 டிகிரி பக்கம். சென்னையிலோ 28ஐச் சுற்றி! அவர்கள் கோடையில் மண்ணுக்குள் தள்ளிய வெப்பத்தைப் பனிக்காலத்தில் திரும்ப எடுத்து வீட்டைச் சூடாக்குவார்கள். நாம் போட்டுக்கொண்டே இருப்போம், எடுக்க மாட்டோம்.

அதிலும் காய்ந்த மணல் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஈர மணல் ஐந்தாறு மடங்கு வேகம். காய்ந்த மண்ணில் இரவும் பகலும் ஓட்டினால் குழாயைச் சுற்றிச் சூடு தேங்கி, வரும் காற்றில் குளிர்ச்சி குறைந்துகொண்டே போகும். மதியம் மட்டும் ஓட்டலாம், குழாய்களுக்கு நடுவே இடம் விடலாம், செடிக்கு ஊற்றும் தண்ணீரை அந்தப் பக்கம் இறங்க விடலாம். கடலோரத்தில் இத்தனை செய்தாலும் புழுக்கம் போகாது. 28 டிகிரிக் குழாய் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்காது.

அறை 24 டிகிரிக்கு வரும் என்று யாராவது சொன்னால், எங்கள் மனையின் மண் எத்தனை டிகிரி, அளந்தீர்களா என்று கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.