கடனுக்கு முன் கணக்கு

என் பெரியம்மா இருபது ஆண்டுகளாக முறுக்கு சுட்டு விற்கிறார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே கிள்ளானில் உள்ள அவருடைய வரிசை வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். அவரும் அவருடைய நாத்தனாரும் மூன்று நாள் சேர்ந்து உழைத்தால் அரைக் கிலோ கொள்ளும் டப்பாவில் நாற்பது டப்பா முறுக்கு தயாராகும். ஒரு டப்பா 15 ரிங்கிட். கடைசி வாரத்தில் கேட்பவர்களுக்கு இல்லையென்று சொல்லும் அளவுக்கு விற்பனை நடக்கும்.

சென்ற ஆண்டு அவர் 10,000 ரிங்கிட் தொழில் கடனுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தார். மாவு பிசையும் இயந்திரம், பெரிய அடுப்பு, கடைத்தெருவில் வாடகைக்கு ஒரு சிறு கடை, உதவிக்கு ஆள் என்று பெரிய திட்டமே வைத்திருந்தார். பாரத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தார். எவ்வளவு இலாபம் வருகிறது என்று கேட்கும் கட்டத்திற்கு வந்ததும் அவரையே கேட்டேன்.

"பாதிக்கு மேல் நிற்கும். நாற்பது டப்பா விற்றால் 600 வெள்ளி. மாவு, உளுந்து, எண்ணெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 240. மீதி 360 இலாபம்தானே?" என்றார்.

நானும் தலையாட்டினேன். கல்வித் துறையில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கும் அந்தக் கணக்கில் குறை எதுவும் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வாரமே, பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் சமூகக் கல்லூரி நடத்திய சிறுதொழில் பயிற்சிக்குப் புறப்பட்டார். தனியாகப் போகத் தயங்கி, பெரியம்மாவைத் துணைக்கு அழைத்தார். மூன்று சனிக்கிழமைகள் வகுப்பு. இரண்டாம் சனிக்கிழமை நான்தான் அவர்களைக் காரில் அழைத்துச் சென்றேன். அனுமதி பெற்று வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தேன்.

பயிற்றுநர் ஒரு மலாய்ப் பெண்மணி. பெரியம்மாவை 'அக்கா' என்றே அழைத்தார். எந்தப் பாடநூலையும் அவர் திறக்கவில்லை. பெரியம்மாவின் 360 ரிங்கிட்டை வெண்பலகையில் எழுதிவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். டப்பா இலவசமாகவா வந்தது? நாற்பது டப்பாவுக்கு 60 ரிங்கிட். எரிவாயு? 30 ரிங்கிட். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டிக்குப் பெட்ரோல்? அதற்கும் 30. பலகையில் 360 அழிந்து 240 ஆனது. பெரியம்மா சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, 240 இருக்கிறதே" என்றார்.

"மூன்று நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், அக்கா?"

நாளுக்குப் பத்து மணி நேரம். இரண்டு பேர். ஆக 60 மணி நேரம். 240ஐ 60ஆல் வகுத்தால் மணிக்கு 4 ரிங்கிட். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் பார்த்தால் எட்டு ரிங்கிட்டுக்கும் மேல். கடை திறந்து ஆள் வைத்தால் அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். 60 மணி நேரத்திற்கு 480 ரிங்கிட்டுக்கும் மேல் கூலி. கூலிக்கு முன் கையில் இருப்பதோ 240. அப்படியானால் ஒவ்வொரு நாற்பது டப்பாவுக்கும் 240 ரிங்கிட்டுக்கு மேல் நட்டம். கடை வாடகையும் கடன் தவணையும் இன்னும் கணக்கிலேயே சேரவில்லை.

பெரியம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை என்று மறுநாள் அவருடைய பேத்தி சொன்னாள். இருபது ஆண்டு உழைப்பைப் பற்றி ஒருவருக்கு இப்படித் தெரிய வருவது சிறிய செய்தியன்று. ஆனால் கடன் வாங்கிய பிறகு தெரிந்திருந்தால், முதலுக்கே மோசம் வந்திருக்கும். வீட்டு நகைகளும் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

மாணவர்களே, தொழில்முனைப்பு பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். துணிந்து இறங்கு, பெரிதாகக் கனவு காண், தோல்விக்கு அஞ்சாதே என்பார்கள். பெரியவர்களுக்கும் இதையே சொல்லும் தன்முனைப்புக் கருத்தரங்குகள் பல நடக்கின்றன. அப்படி ஒன்றுக்கு நானும் ஒருமுறை கட்டணம் செலுத்திப் போயிருக்கிறேன். தங்குவிடுதி மண்டபம், உரத்த இசை, எழுந்து நின்று கைதட்டல். அன்று மாலை வரை எல்லாருக்கும் உற்சாகம் இருந்தது. விற்கும் பொருளின் அடக்க விலையைக் கணக்கிடுவது எப்படி என்று நாள் முழுவதும் ஒருவரும் சொல்லவில்லை.

என் பெரியம்மாவுக்குத் துணிவு குறைவில்லை. கணவர் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளை முறுக்கு விற்ற காசில் படிக்க வைத்தவர் அவர். அவருக்குக் கிடைக்காமல் போனது, தம் தொழிலைச் சற்றுத் தள்ளி நின்று எண்களாகப் பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். கடன் தருவதற்கு முன் அதைக் கற்றுத் தருவதே முதியோர் கல்வியின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

'வியாபார மூளை பிறவியிலேயே வர வேண்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. சரஸ் சரஸ்வதி என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர், தொழிலில் நெடுங்காலம் தேர்ந்த 27 தொழில்முனைவோரிடம் தொழில் சிக்கல்களைக் கொடுத்து, அவற்றைத் தீர்க்கும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்தார். 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர்களின் சிந்தனை முறையை விளக்க, சமையலையே அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். சிலர் இன்ன உணவு என்று முடிவு செய்துவிட்டு, அதற்கான பொருள்களை வாங்கக் கடைக்குப் போவார்கள். சிலர் அலமாரியைத் திறந்து, இருப்பதைக் கொண்டு என்ன சமைக்கலாம் என்று பார்ப்பார்கள். தேர்ந்த தொழில்முனைவோரின் சிந்தனை பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். எவ்வளவு இலாபம் வரும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு நட்டத்தை என்னால் தாங்க முடியும் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்தச் சிந்தனை முறை கற்பிக்கக்கூடியது. அதிலும் பெரியவர்களுக்குக் கற்பிப்பது எளிது என்றுகூடச் சொல்வேன். உங்கள் அலமாரியில் இப்போது இருக்கும் பொருள் குறைவு. அவர்களுடைய அலமாரி நிறைந்து கிடக்கிறது. முதியோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளரும், பெரியவர்கள் தம் அனுபவத்தோடுதான் வகுப்பறைக்குள் வருகிறார்கள் என்பதை வலியுறுத்தினார். நாளைக்கே கைகொடுக்காத பாடத்தை அவர்கள் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள். கேட்கவும் வேண்டியதில்லை.

நம் சமூகத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. நாடு விடுதலை அடைந்த காலத்தில், வெளிநாட்டு முதலாளிகள் பலர் இரப்பர்த் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றுவிட்டுச் சென்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதைச் சொல்வோம். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அடுத்த ஆண்டே கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

பால்மரம் சீவுகிறவருக்குப் பத்து வெள்ளி அன்று சிறிய தொகையன்று. பங்கு என்றால் என்ன, அந்தப் பணம் எங்கே போகிறது, திரும்பி வருமா என்று அவர் கேட்டிருப்பார், கேட்காமல் கொடுத்திருக்கமாட்டார். ஆகவே சம்பந்தனும் சங்கத்தினரும் தோட்டம் தோட்டமாகச் சென்று விளக்கினார்கள். முதியோர் கல்வி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதுவரை நாள்கூலி வாங்கியே பழகிய ஆயிரக்கணக்கான பெரியவர்கள், முதலீடு என்ற ஒன்றைத் தங்கள் மொழியில், தங்கள் இடத்தில் கற்றார்கள்.

இன்று வாய்ப்புகள் பெருகியுள்ளன. 1987இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் மலேசியா, ஐந்து ஐந்து பேராகக் குழு அமைத்து, பிணைப்பொருள் கேட்காமல் சிறுகடன் தந்தது. பணத்தோடு வாரக் கூட்டத்தையும் வைத்ததே அதன் சிறப்பு என்று நினைக்கிறேன். தம் தொழில் எப்படிப் போகிறது என்று நான்கு பேர் முன் வாரந்தோறும் சொல்ல வேண்டிவரும்போது யாரும் கணக்கை மறைத்துக்கொள்ள முடியாது. 1998இல் உருவான தெக்குன், இந்தியர்களுக்கென்றே ஸ்பூமி திட்டத்தை நடத்துகிறது. சமூகக் கல்லூரிகள் 2001 முதல் இயங்குகின்றன. தையல், ரொட்டி செய்தல், வாகனம் பழுதுபார்த்தல் போன்ற குறுகிய காலப் பயிற்சிகளில் எந்த வயதினரும் சேரலாம். சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான். வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட்.

இத்தனை இருந்தும் பெரியம்மாவைப் போன்றோர் பலர் வகுப்பின் வாசலுக்கே வருவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர்களுக்கு மலாய் சரளமாகப் பேச வரும். ஆனால் மலாயில் அச்சிட்ட பாரத்தைக் கண்டால் கை நடுங்கும். அடக்க விலை, கைமுதல், கையிருப்பு, தேய்மானம் என்று தமிழில் தெளிவான சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்களைக் கொண்டு, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ மாலை நேரத்தில் இதே பாடத்தை நடத்தலாம். கடன் கேட்டு வருபவர் முதலில் இத்தகைய வகுப்பில் ஆறு மாலைகளாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியே வைக்கலாம்.

'பணம் அவசரமாகத் தேவைப்படுபவரை வகுப்பில் உட்கார வைப்பது கொடுமையில்லையா?' என்று என் அலுவலக நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். சரக்கு வாங்கப் பணமின்றித் தவிக்கும் கடைக்காரருக்கு ஆறு மாலை என்பது நீண்ட காலம். அவருக்குச் சிறு தொகையை முதலில் கொடுத்து, மீதியை வகுப்புக்குப் பின் கொடுக்கலாம். ஆனால் புதிதாகக் கடை திறக்க நினைப்பவர் ஆறு மாலை பொறுத்தால் குடி முழுகிவிடாது. அந்த வகுப்பின் முடிவில் 'எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்' என்று ஒருவர் எழுந்து போனால், அதையும் நான் அந்த வகுப்பின் வெற்றியாகவே கொள்வேன். எல்லாரும் முதலாளி ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

பெரியம்மா மூன்றாம் சனிக்கிழமையும் வகுப்புக்குப் போனார். நான் எதிர்பார்க்கவில்லை. வாங்குபவர்கள் பத்துப் பேரிடம், முறுக்கை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு வரும்படி பயிற்றுநர் சொல்லியிருந்தார். இருபது ஆண்டுகளாக அவர் கேட்காத கேள்வி அது. பத்தில் ஆறு பேர், அலுவலக நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவே வாங்குவதாகச் சொன்னார்கள். பெரிய டப்பாவைப் பிரித்து, பையில் போட்டு, முறுக்கு உடைந்து, பாதி தூளாகிவிடுகிறதாம்.

உடனே 150 கிராம் பொட்டலம் போட்டு 6 ரிங்கிட்டுக்கு விற்றுப் பார்க்க முடிவு செய்தார். அரைக் கிலோ டப்பாவாக விற்றால் நூறு கிராமுக்கு 3 ரிங்கிட். பொட்டலமாக விற்றால் 4 ரிங்கிட். முதலில் முப்பது பொட்டலம் மட்டும். ஒன்றுகூட விற்காவிட்டாலும் சுமார் 60 ரிங்கிட்தான் நட்டம். அதைத் தாங்க முடியும் என்று சொல்லிக்கொண்டார். இருபத்து நான்கு விற்றன. மீதி ஆறை நாங்கள் சாப்பிட்டோம்.

அதிரசத்தை அவர் விட்டுவிட்டார். பாகு பதம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மணிக்கு 2 ரிங்கிட்கூடத் தேறவில்லை. 'இனி அது வீட்டுக்கு மட்டும்' என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. அம்மா கற்றுக்கொடுத்த பலகாரம் அது.

இப்போது கணக்குப் புத்தகத்தை எழுதுபவள் அவருடைய பேத்தி. படிவம் நான்கில் கணக்கியல் பாடம் எடுத்திருக்கிறாள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், உழைத்த நேரம் சிவப்பு மையில். "பள்ளியில் இதே கணக்கைப் போடுகிறேன். பாட்டி முறுக்குக்கு இதைப் போட வேண்டும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?" என்று என்னிடம் கேட்டாள். பாடத்திட்டம் எழுதும் நான் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றினேன்.

கடன் பாரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இவ்வாண்டுத் தீபாவளிக் கணக்கை முடித்த பிறகு அதை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்கிறார் பெரியம்மா. இலாபக் கட்டத்தில் நான் எழுதியிருந்த 360ஐ மட்டும் அவரே பேனாவால் அடித்துவிட்டார்.