தண்ணீர் எங்கே நிற்கும்?

வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அளவே இல்லை. வாசல் கிழக்குப் பார்த்ததா? கிணற்று நீர் உப்புக் கரிக்குமா? பத்திரத்தில் வில்லங்கம் உண்டா? ரயிலடி எவ்வளவு தூரம்? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் அருகில் இருக்கிறதா? எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால், "பெருமழை பெய்தால் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்?" என்று கேட்கிறவர் மிகச் சிலர். நாம் கேட்க மறந்தாலும் மழை மறப்பதில்லை. தானே வந்து விடையைச் சொல்லிவிட்டுப் போகிறது. அப்படித் தெரிந்துகொள்ளும் விடைக்கு விலைதான் அதிகம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி சென்னை நகரம் அந்த விலையைக் கொடுத்தது. மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சுற்றுப்புறத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொள்ள, அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. பீரோவும் கட்டிலும் மட்டுமா போயின? பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும், பெற்றோரின் ஒரே புகைப்படமும் சேற்றில் கரைந்தன. ஏரியை எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற விவாதம் பிறகு நெடுநாள் நடந்தது. அது மனிதர் விளைத்த விபத்து என்றே கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை கூறியது. அந்த விவாதம் சர்க்காருக்கு உரியது. குடும்பஸ்தர் கற்கவேண்டிய பாடம் ஒன்று தனியே இருக்கிறது. தண்ணீர் புதிய இடம் எதையும் தேடிப் போவதில்லை. பெரும்பாலும் தன் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது என்பதுதான் அது.

தண்ணீரின் பழைய இடம் எது என்பதை அறிவது பிரமாத வித்தை அன்று. பாதி விஷயத்தை ஊர்ப் பெயர்களே சொல்லிவிடும். ஏரி, தாங்கல், ஏந்தல், கண்மாய், மடு, ஓடை என்று முடியும் பெயர்களை நம் முன்னோர் அழகுக்காக வைக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. எந்த மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் ஏரியைக் காணோம். அங்கே இருந்த நீண்ட ஏரியை வற்றச் செய்துதான் 1920-களில் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

மற்றப் பாதியைச் சர்க்கார் தஸ்தாவேஜுகள் சொல்லும். பட்டாவைப் பார்ப்பதோடு நில்லாமல் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பார்க்க வேண்டும். மனைக்குப் பக்கத்துச் சர்வே எண் ஓடைப் புறம்போக்காகவோ ஏரிப் புறம்போக்காகவோ இருந்தால், இன்று அங்கே தார் ரோடு இருந்தாலும் மழைக்கு அது ஓடைதான். இவை எல்லாவற்றுக்கும் மேலான தஸ்தாவேஜு ஒன்று உண்டு; அதே தெருவில் முப்பது வருஷமாக வசிக்கும் பாட்டியம்மாள்! "2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது? 2023-இல் எதுவரை?" என்று கேட்டால், சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார். வீட்டுத் தரகர் காட்டமாட்டார்.

இவ்வளவும் வீட்டுக்காரர்தான் தேடி அலையவேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1968-இல் தேசிய வெள்ள இன்ஷியூரன்ஸ் திட்டம் ஏற்பட்டது. எந்தத் தெரு எவ்வளவு அபாயமுள்ளது என்று வகுத்துக் காட்டும் படங்கள் அங்கே உண்டு. அதிக அபாயமுள்ள பகுதியில் வீட்டுக் கடன் வாங்குவோர் பெரும்பாலும் வெள்ள இன்ஷியூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும். நம் நாட்டிலும் ஆற்றோரத்தை இப்படி வகுப்பதற்கு மத்திய நீர்க் கமிஷன் 1975-இல் ஒரு மாதிரி மசோதாவை ராஜ்யங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-இல் சட்டம் செய்தது. பின்பற்றிய ராஜ்யங்கள் மிகச் சில. ஆகவே நமக்கு இப்போதைக்குப் பாட்டியம்மாளே கதி.

அந்தப் படங்களில் "நூறு வருஷத்து வெள்ளம்" என்று ஒரு சொல் வழங்குகிறது. இதைக் கேட்டதும், "சென்ற வெள்ளம் வந்தாயிற்று, இனி நம் பேரன் காலத்தில்தான்" என்று பலர் நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறார்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில் இந்த நித்திரையைக் கலைப்பது நமது கடமையாகிறது.

ஒரு பையில் நூறு புளியங்கொட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் மட்டும் சுண்ணாம்புக் குறி. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொட்டையை எடுக்கிறோம். குறியிட்டது வந்தால் வெள்ளம். எடுத்த கொட்டையை மறுபடி பையிலேயே போட்டுவிட வேண்டும். அதுதான் கவனிக்கத் தக்கது. சென்ற வருஷம் குறியிட்ட கொட்டை வந்தது என்பதற்காக இவ்வருஷம் அது வராமல் இருக்கப்போவதில்லை. முப்பது வருஷக் கடனில் வீடு வாங்கியவர் முப்பது தடவை பையில் கைவிடுகிறார். அவற்றில் ஒரு தடவையேனும் குறியிட்ட கொட்டை அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நாலில் ஒரு பங்குக்கும் மேல்! ஏரிகளைத் தூர்த்து, கால்வாய்களைக் குறுக்கும்போது பைக்குள் இன்னும் சில கொட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவுகிறோம். கடலும் காற்றும் சூடேறி மழையின் வேகம் கூடுவதும் அதே வேலையைச் செய்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம்.

அபாயத்தை அறிந்தாயிற்று, ஏற்கெனவே வீடு வாங்கியும் ஆயிற்று. இனி என்ன செய்வது? இங்கேதான் இன்ஷியூரன்ஸ் வருகிறது. ஆயுள் இன்ஷியூரன்ஸுக்கு ஏஜெண்டு வீடு தேடி வருகிறார். மோட்டார் வண்டிக்குச் சட்டமே வற்புறுத்துகிறது. வீட்டுக்கோ கேட்பாரில்லை. 2021 ஏப்ரல் முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுவான வீட்டுப் பாலிஸி நம் நாட்டில் அமலில் இருக்கிறது. நெருப்பு, பூகம்பம், புயல் இவற்றோடு வெள்ளமும் அதில் அடங்கும். சாதாரண வீட்டுக்கு வருஷப் பிரீமியம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

எடுக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இன்ஷியூர் செய்வது கட்டடத்தை மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவுக்கே. மனையின் விலை அதில் சேராது. வெள்ளம் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை அல்லவா? பாங்கி கடன் கொடுக்கும்போது எடுக்கச் சொல்லும் பாலிஸி பல சமயம் கட்டடத்தோடு நின்றுவிடும்; சாமான்கள் அதில் உண்டா என்று படித்துப் பார்த்துக்கொள்க. வாடகைக்குக் குடியிருப்போர் தம் சாமான்களை மட்டும் இன்ஷியூர் செய்துகொள்ளலாம். நகைகளுக்குத் தனியே சொல்லிச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்துக்கும் பத்திரங்களுக்கும் எந்த ஈடும் கிடையாது. ஆகையால் வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், பாலிஸி ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு உயரமான பரணில் வைப்பதே அவற்றுக்கு இன்ஷியூரன்ஸ்.

வெள்ளம் வடிந்த பிறகு உடனே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். சேற்றைக் கழுவித் தள்ளும் அவசரத்தில் நனைந்த சாமான்களை எறிந்துவிடக் கூடாது. முதலில் படம் எடுத்து, ஜாபிதா எழுதி வைத்துக்கொண்டு, சர்வேயர் பார்க்கும் வரை காத்திருப்பது நலம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் படம் எடுக்க வேண்டும். அந்தக் கோடுதான் நமது கட்சிக்கு முதல் சாட்சி.

இன்ஷியூரன்ஸ் தண்ணீரைத் தடுக்காது. போன புகைப்படத்தைத் திருப்பித் தராது. வேளச்சேரிப் பக்கத்து மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போகவேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும் பகுதியைக் கட்டடமும் குப்பையும் விழுங்கிவிட்டன. மிஞ்சியதை 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலமாக அறிவித்தார்கள். அதைக் காப்பது எந்தக் கம்பெனியும் விற்க முடியாத பாலிஸி. அதற்குப் பிரீமியம் ஊரார் எல்லோரும் சேர்ந்து கட்டவேண்டியது. நம் தெருக்கோடி ஓடையை மறித்து ஒருவர் சுவர் எழுப்பும்போது, "நமக்கென்ன?" என்று போகாமல் இருப்பதே அதன் முதல் தவணை.

ஐப்பசி பிறப்பதற்குள் வாசகர்கள் இரண்டு காரியம் செய்யட்டும். தெருவில் மிக வயதானவரைக் கண்டு தண்ணீர் நின்ற உயரத்தைக் கேட்டு வரட்டும். பீரோவில் உள்ள பாலிஸியை எடுத்து, "வெள்ளம்" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பாலிஸியே இல்லாதவர்கள், புயல் செய்தி வருகிறவரையில் காத்திருக்க வேண்டாம்.