கேமரா இருக்கு... பக்கத்துல ஆள் இருக்கா?



வீடியோ கான்ஃபரன்ஸ்னா என்னன்னு இன்னிக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினப்போ வீடே வகுப்பறை ஆச்சு. ஆனால் நம்ம ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பல வீடுகளுக்கு அது முன்னாடியே வந்துவிட்டது. பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பாங்க. இங்கே தாத்தாவும் பாட்டியும் மட்டும்தான். மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு வெப்கேம். லீவுக்கு வந்த பேரன் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது!

மாட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. கருவி இரண்டு பக்கமும் இருக்கு. விஷயம் தெரிந்த ஆள் ஒரு பக்கம்தான் இருக்கார், அதுவும் கடல் தாண்டி!

"இதுல என்ன பெரிய கஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். பாட்டி பேசுவது அந்தப் பக்கம் கேட்கவில்லை என்றால் காரணம் நாலஞ்சு இருக்கும். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். பயந்துபோய் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பாங்க. இல்லாட்டி மைக் மியூட்டில் இருக்கும். பல டெஸ்க்டாப்களில் தனியாக மைக்கே கிடையாது. வெப்கேமில் உள்ள மைக்கை செட்டிங்ஸில் போய்த் தேர்ந்தெடுக்கணும். ஒரே அறையில் போனிலும் கம்ப்யூட்டரிலும் அதே கூட்டத்தைத் திறந்தால் 'ஊய்ய்ய்' என்று அலறும். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் இன்னொன்றின் மைக்குக்குள் போவதுதான் காரணம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத் தெரியும்.

எல்லாமே ஒரு நிமிஷ வேலைதான். ஆனால், "அப்பா, கீழே சின்னதா ஒரு மைக் படம் இருக்கு பாருங்கோ" என்று மகன் நியூஜெர்சியிலிருந்து சொன்னால், அது எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்ட இங்கே ஒரு விரல் வேண்டாமா?

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்காங்க. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புற ஊர்களில் பார்வை மையங்கள் அமைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து 2006 வாக்கில் தொலைதூர வைஃபை மூலம் அவற்றை மருத்துவமனையோடு இணைத்தன. நோயாளி ஊரிலேயே உட்கார்ந்து தேனி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். வெறும் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு வந்திருந்தால் நடந்திருக்குமா? நோயாளி பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் இருந்தார். அவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்புவார். டாக்டர் பார்த்துப் பேசுவார். டாக்டர் தூரத்தில் இருக்கலாம், உதவி செய்பவர் பக்கத்தில் இருக்கணும். இதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

சரி, பேரனோடு பேசாவிட்டால் குடியா முழுகிப்போகும் என்று நினைக்காதீர்கள். இப்போ காசு விஷயமும் வீடியோவில்தான் நடக்குது. மத்திய அரசு பென்ஷன் வாங்குபவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று தரணும். பாரத ஸ்டேட் வங்கி 2021 நவம்பரில் இதை வீடியோ மூலமே தரும் வசதியைக் கொண்டு வந்தது. வங்கி அதிகாரி திரையில் வருவார். திரையில் தெரியும் எண்ணைப் படிக்கணும், பான் கார்டைக் காட்டணும், கேமரா ஆடாமல் இருக்கணும். நடக்க முடியாத தாத்தாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் அதே திரையில்தான் போலி போலீஸும் வர்றான்! "உங்க பேர்ல கேஸ் இருக்கு, கேமராவை அணைக்காதீங்க, யாரிடமும் சொல்லாதீங்க" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே இல்லை என்று பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலியில் சொன்னார். புகார் செய்ய 1930 என்ற எண்ணும் இருக்கு. ஆனாலும் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அந்த நேரத்தில் நிஜ அதிகாரி யார், போலி யார் என்று எப்படித் தெரியும்? நாமாகத் தொடங்கிய அழைப்பா, தானாக வந்த அழைப்பா என்று முதலில் பார்க்கணும். இதை முன்கூட்டியே சொல்லித்தர யாராவது வேண்டாமா?

அந்த 'யாராவது' ஏன் நாமாக இருக்கக்கூடாது?

என் யோசனை இதுதான். நம் பள்ளி என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி. மாணவர்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஆசிரியர் துணையோடு, இரண்டு இரண்டு பேராகப் போகலாம். வீட்டார் கூப்பிட்டால் மட்டும் போகணும். மவுஸை நாம் பிடிக்கக்கூடாது; அவங்க கையாலேயே செய்ய வைக்கணும். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. மியூட் எடுப்பது எப்படி, அழைப்பை முடிப்பது எப்படி என்று பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு வரணும்.

"ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதாதா?" என்று சிலர் கேட்பீர்கள். 2003-ல் வந்த ஸ்கைப்பை எத்தனை தாத்தாக்கள் கஷ்டப்பட்டுக் கற்றிருப்பார்கள்! 2025 மே 5-ஆம் தேதி அது மூடப்பட்டது. மறுபடி புதுசு கற்கணும். அதனால் மாதம் ஒரு முறையாவது போய்த்தான் ஆகணும்.

"பரீட்சை இருக்கே, நேரம் ஏது?" என்பார்கள் பத்தாவது, பன்னிரண்டாவது அண்ணன்கள், அக்காக்கள். அவங்க படிக்கட்டும், எட்டாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது நாங்க போறோம். தலைமையாசிரியர் ஐயாவும் கம்ப்யூட்டர் சாரும் அனுமதி தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தாத்தாவும் பாட்டியும் பேரனோடு பேச ஆயிரம் விஷயம் வெச்சிருக்காங்க. மியூட்டை எடுக்க மட்டும் நாம கத்துக் கொடுப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு